புழுப்பங்கு

நொச்சிமேட்டுப் பருத்திக் காடுகளில் இருந்த புழுக்கள் எல்லாம் ஒட்டுமொத்தமாகக் காயை விட்டு இறங்கி, வரிசை கட்டி, பவளக்கொடியின் காட்டுக்குக் குடிபோனது ஒரு கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு. நேரம் மட்டும் எப்படி இவ்வளவு கச்சிதமாகத் தெரியும் என்று கேட்காதீர்கள். பத்து மணி மினிபஸ் என்றைக்குமே பத்தே காலுக்குத்தான் பால் சொசைட்டி வளைவில் திரும்பும், அன்றைக்கும் அப்படித்தான் திரும்பியது, திரும்பினால் தார் ரோட்டின் குறுக்கே ரோஸ் நிறத்தில் நாடா விட்டாற்போல் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது, பஸ்ஸை ஓட்டிய சாமியப்பன் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தான். சாமியப்பன் வேறு யாருமில்லை, பவளக்கொடியின் புருசன்தான்.

இறங்கிப் போய்க் குத்துக்காலிட்டுப் பார்த்தான். அரை நகம் நீளத்துக்கு ஒவ்வொன்றும், ரோஸ் உடம்பும் பழுப்புத் தலையுமாக, காய்ப்புழு. கிழக்கே இருக்கிற காடுகளிலிருந்து வரப்பு வழியாக வந்து, ரோட்டைத் தாண்டி, மேற்கே பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. ஒன்றை ஒன்று முந்தவில்லை, நெரிசல் இல்லை, ரேசன் கடை வரிசையில் கூட அப்படி ஒரு ஒழுங்கை அவன் பார்த்ததில்லை. மேற்கே யாருடைய காடு இருக்கிறது என்று ஒரு நிமிசம் யோசித்துவிட்டுப் போனை எடுத்தான்.

"பவளம், நம்ம காட்டுக்கு ஆளு வருது."

"எத்தனை பேருங்க?"

"தெரியலையே. ரோடு பூராம் இருக்கு."

பஸ்ஸில் இருந்தவர்கள் முதலில் ஏசினார்கள், பிறகு இறங்கினார்கள், இறங்கிப் பார்த்ததும் வாயடைத்துப் போனார்கள், வாயடைத்தவர்கள் அப்படியே பக்கத்து டீக்கடையில் போய் உட்கார்ந்தார்கள். சந்தைக்குச் சேவல் கொண்டுபோன ஒருத்தி, வழியோடு போகிறதைக் கொத்திவிடப் போகிறதே என்று முந்தானையால் அதன் கண்ணைப் பொத்திக்கொண்டாள். ஐம்பது நிமிசம் ஆயிற்று ஊர்வலம் கடந்துபோக. கடைசிப் புழு ரோட்டை விட்டு இறங்கிய பிறகும் யாரும் பஸ்ஸில் ஏறவில்லை. "இம்புட்டும் நம்ம காய்க்குள்ளயா இருந்துச்சு?" என்று ஒருத்தர் கேட்டார். யாருக்கும் பயம் வரவில்லை, கூச்சம்தான் வந்தது, வீட்டு அழுக்குத்துணியை நடுரோட்டில் யாரோ விரித்துக் காட்டின மாதிரி.

பவளக்கொடி காட்டு முகப்பில் நின்றுகொண்டிருந்தாள். கையைக் கழுவித் துடைத்திருந்தாள். இத்தனை பேருக்கு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் வாசலுக்கு வந்தவர்களை 'வாங்க' என்று சொல்லாமல் இருக்கவும் அவளுக்குத் தெரியாது. "வாங்க" என்றாள். வரிசையின் முதல் புழு நின்று தலையைத் தூக்கியது.

"இந்த அரை ஏக்கர் உங்களுது. அந்த வரப்புக்கு அந்தாண்டை இருக்கிற ஒரு ஏக்கர் என்னோடது. நான் சொல்லாம அதைத் தாண்டக் கூடாது."

தாண்டவில்லை. எல்லாம் அரை ஏக்கருக்குள் இறங்கி, செடிக்கு இத்தனை என்று பிரித்துக்கொண்டு, ஏறி, காய்க்குள் புகுந்துகொண்டன.

அவை ஏன் அவள் காட்டுக்கு வந்தன என்று கேட்டால், ஆனி மாதத்துக்குப் போக வேண்டும். அந்த மாதம் செல்லியம்மன் கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. பருத்தி ஆராய்ச்சிப் பண்ணையில் பூச்சிகளைப் பற்றியே இருபது வருசமாகப் படித்துக்கொண்டிருக்கிற நேசமலர் என்கிற அம்மா, ஊரில் எல்லாரும் டாக்டரம்மா என்பார்கள், தெக்கத்திக்காரர், மைக்கைப் பிடித்துக்கொண்டு விதைப் பையைத் தூக்கிக் காட்டினார். ஒவ்வொரு பையிலும் பெரிய பாக்கெட் ஒன்று, அதோடு ஒட்டிக்கொண்டு சின்ன பாக்கெட் ஒன்று.

"பெரிய பாக்கெட்டுச் செடியைத் தின்னா புழு செத்துப்போகும், காய் முத்தினப்புறம்தான் அந்த விசம் கொறையும். ஆனா ஆயிரத்துல ஒண்ணு சாகாது, பழகிக்கிடும். பழகினது இன்னொரு பழகினதைக் கட்டிக்கிட்டா, பொறக்கிற பிள்ளை பூராம் எதுக்கும் சாகாத பிள்ளையாப் பொறக்கும். அதுக்குத்தான் இந்தச் சின்ன பாக்கெட்டு. இது சாதாரணப் பருத்தி. உங்க காட்டைச் சுத்தி அஞ்சு வரிசை ஊனிடுங்க. அதுல சாதாரணப் புழு உசுரோட வளரும், பூச்சியாகிப் பறக்கும், பழகினதோட சம்பந்தம் பண்ணிக்கிடும். அதுங்க பிள்ளைங்க மறுபடியும் நம்ம செடிக்கு அடங்கிப்போகும்."

"அப்ப புழுவுக்கு நாங்க கல்யாணம் பண்ணி வைக்கணும்ங்கிறீங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "மாப்பிள்ளைக்கு மோதிரம் யாரு போடறது?" என்று இன்னொன்று. சிரித்த சிரிப்பில் மைக் கீய்ச்சென்று கத்தியது. டாக்டரம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுத்தான் போனார். எல்லாரும் வீட்டுக்குப் போய், வருசா வருசம் செய்கிறபடியே, பெரிய பாக்கெட்டை எடுத்துக்கொண்டு சின்னதை வீசி எறிந்தார்கள்.

பவளக்கொடிக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. விதையை மண்ணில் போடாமல் குப்பையில் போடுவது அவளுக்குச் சோற்றை மிதிப்பது மாதிரி. கலியமூர்த்தியின் மருந்துக்கடைக்குப் பின்னால் கிடந்த குவியலில் பொறுக்கினாள், வீட்டு வீட்டுக்கு வாசலில் பொறுக்கினாள், ஆடுகிற கட்டில் காலுக்கு அண்டைகொடுத்திருந்ததைக்கூட விடாமல் உருவினாள். நூற்றுப் பதினெட்டு பாக்கெட் சேர்ந்தது. அவரவர் காட்டு ஓரத்தில் ஊன்ற வேண்டியதை அவள் ஊன்றப் போனால் விடுவார்களா? அதனால் ஊருக்கெல்லாம் சேர்த்துத் தன்னுடைய ஒன்றரை ஏக்கரில் அரை ஏக்கரை ஒதுக்கி ஆடிப்பட்டத்தில் அங்கேயே ஊன்றினாள். இன்னொருத்தர் விதையை ஊன்றினால் அவர் பெயரைச் சொல்லித்தான் ஊன்ற வேண்டும், இல்லாவிட்டால் பலன் யாருக்கு என்று மண்ணுக்குத் தெரியாது என்பது நொச்சிமேட்டு வழக்கம். அவளும் சொன்னாள். "இது பிச்சப்பிள்ளை வீட்டுது, இது தைலம்மை வீட்டுது, இது மேலத்தெரு வாத்தியார் வீட்டுது." நூற்றுப் பதினெட்டு வீட்டையும் பெயர் சொல்லி ஊன்றினாள். அது புழுவுக்கு வைத்த பத்திரிகை ஆகிவிடும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. கடைசி பாக்கெட்டை ஊன்றும்போது, "இது என் தம்பி கொளஞ்சி வீட்டுது" என்றாள்.

அந்தத் தம்பி அப்போது வரப்பில்தான் நின்றுகொண்டிருந்தான்.

கொளஞ்சிக்கு அக்காவின் காட்டை ஒட்டி நாலு ஏக்கர் இருந்தது. அப்பா கண்ணை மூடுவதற்கு முன் மகளுக்கென்று எழுதிவைத்த இந்த ஒன்றரை ஏக்கர் அவன் கண்ணில் விழுந்த தூசியாக உறுத்திக்கொண்டே இருந்தது. பவளக்கொடி திருப்பூரில் பதினோரு வருசம் தையல் மிசினில் குனிந்திருந்துவிட்டு, புருசனையும் கூட்டிக்கொண்டு வந்து, நானே உழுகிறேன் என்று காட்டில் இறங்கிய அன்றைக்கு அவன் பேச்சை நிறுத்தினான். கூடப் பிறந்தவளுக்கு வருசா வருசம் கொண்டுபோக வேண்டிய பொங்கல் சீரையும் நிறுத்தினான். மூன்று பொங்கல் அவள் வாசலுக்குக் கரும்பு வரவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் "தம்பிக்கு வேலை" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துப்போயிற்று. அன்றைக்கு வரப்பில் நின்றுதான் அவன் முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

"புழுவுக்கு அரை ஏக்கர் எழுதிவைக்கிறவ நீ ஒருத்திதான். இந்தக் காட்டை எங்கிட்ட விட்டிருந்தா பொன்னா வெளையும்."

"எங்கிட்டயும் வெளையும்டா."

"எத்தனை வெளையும்? சொல்லு பாப்போம்."

"பத்து மூட்டை" என்று வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு முழுங்குகிற சாதி இல்லை அவள். மறுநாள் காலை பால் சொசைட்டியில், எல்லாரும் கேனோடு நிற்கும்போது, அவளே சொன்னாள்: "பொங்கலுக்கு மறுநாள் இதே எடத்துல பத்து மூட்டை பருத்தியை இறக்குறேன். இல்லன்னா அடுத்த ஆடியிலேருந்து ஒன்றரை ஏக்கரையும் அவனே உழுதுக்கட்டும்." வீட்டுக்கு வந்து சாமியப்பனிடம் சொன்னபோதுதான், என்ன சொல்லிவிட்டு வந்திருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. ஒரு இடத்தில் நின்று, இங்கே நான் சொல்வதுதான் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு இந்த உலகத்தில் அந்த ஒன்றரை ஏக்கரை விட்டால் வேறு எதுவும் இல்லை.

இதெல்லாம் நடந்து நாலு மாதம் கழித்துத்தான் புழுக்கள் ரோட்டைத் தாண்டின.

ஊர் அதற்கு எவ்வளவு சீக்கிரம் பழகிக்கொண்டது என்பதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு வாரம் வேடிக்கை பார்த்தார்கள், இரண்டாவது வாரம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். வாத்தியார் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து "வரிசைன்னா இதான், பாத்துக்குங்க" என்று காட்டிவிட்டுப் போனார். தாய்மார்கள் பிள்ளைகளை ஏசும்போது "பவளக்கொடி காட்டுப் புழுவுக்கு இருக்கிற அடக்கம் உனக்கு இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். மருந்தடிக்கிற தெளிப்பான்களை ஏழு தண்ணீர் விட்டுக் கழுவி மல்லிகைச் செடிக்குத் தண்ணீர் தெளித்தார்கள். பொம்பளைகளுக்குக் கையில் இருந்த அரிப்பும் கொப்புளமும் வற்றியது, வாங்கின மஞ்சள் கைப்புண்ணுக்குப் போகாமல் முகத்துக்கே மிச்சமாயிற்று. கலியமூர்த்தி ஒரு மாசம் ஈ ஓட்டிவிட்டு, மருந்து டப்பாக்களை மேல் அலமாரிக்கு ஏற்றிக் கீழே பிளாஸ்டிக் குடமும் பள்ளிக்கூடப் பையும் அடுக்கினான். பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேர் தங்கள் காட்டுப் புழுவை டப்பாவில் போட்டுக்கொண்டு வந்து நைசாக விட்டுவிட்டுப் போகப் பார்த்தார்கள். நொச்சிமேட்டுப் புழுக்கள் வாசலிலேயே நின்று மறித்துவிட்டன. அந்த வீட்டுப் பெயரைச் சொல்லி யாரும் விதை ஊன்றவில்லையே.

டாக்டரம்மா வந்தார், கட்டைவிரலால் அழுத்தினால் எண் ஏறுகிற கருவியைக் கையில் வைத்துக்கொண்டு. மூன்று நாள் எண்ணினார். மூன்றாம் நாள் மத்தியானம் கருவியைப் பைக்குள் போட்டுவிட்டு, படிவத்தில் எண்ணிக்கை என்று இருந்த கட்டத்தில் 'ஊர் முழுக்க' என்று எழுதினார். அனுப்பிய அறிக்கை பத்து நாளில் திரும்பி வந்தது, மழையளவு எழுத விட்டுப்போயிருக்கிறது என்று. வேறு எதையும் கேட்கவில்லை.

பிறகு அவர் ஒவ்வொரு காடாகப் போய்க் காயைப் பிளந்து பார்த்தார். எல்லாம் சுத்தம், உள்ளே வெண்ணெய் மாதிரி பஞ்சு. கொளஞ்சியின் நாலு ஏக்கரில் மட்டும் ஏழு புழு கிடைத்தது.

கொளஞ்சி அந்த வருசம் பன்னிரண்டு தடவை மருந்தடித்திருந்தான். ஒட்டுவதற்கென்று ஷாம்பு பாக்கெட்டையும் கலந்து, இரண்டு மருந்தை ஒரே டாங்கில் ஊற்றி, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அடித்த அடியில் சாதாரணமானதெல்லாம் செத்து உதிர்ந்துவிட்டது. சாகாத ஏழும் ஊர்வலத்துக்குப் போகவில்லை. யாரிடமும் போய் நிற்க வேண்டிய அவசியம் அவற்றுக்கு இல்லை. "ஏழுதானே" என்று கொளஞ்சி சிரித்தான். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

மார்கழி பிறந்தது. பவளக்கொடி நாலு மூட்டை எடுத்திருந்தாள், மிச்ச ஆறும் அந்த ஒரு ஏக்கரில் செடி செடியாக வெடித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் மத்தியானம் கஞ்சிக் கலயத்தைத் திறந்துகொண்டு உட்கார்ந்தவள் நிமிர்ந்து பார்த்தால், வரப்பு முழுக்க ரோஸ் நிறமாக இருக்கிறது. அரை ஏக்கரும் தீர்ந்துவிட்டது. இலை இல்லை, காய் இல்லை, வெறும் குச்சி. தின்ன ஒன்றுமில்லாமல் ஊர்ப் புழுக்கள் எல்லாம் வரப்பின் மேல் ஏறி நின்று, தலையைத் தூக்கி, அவளுடைய வெள்ளைக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூட இறங்கவில்லை. அவள் சொல்லுக்குக் காத்திருந்தன.

ஒரு வார்த்தை, 'சரி' என்று அவள் சொன்னால் போதும், இரண்டு நாளில் ஆறு மூட்டையும் போய்விடும், காடும் போய்விடும், மறுபடி திருப்பூர், மறுபடி மிசின். சொல்லாவிட்டால் வா என்று கூப்பிட்டதெல்லாம் கண்ணுக்கு முன்னால் பட்டினியில் உதிரும். கஞ்சியை அப்படியே மூடிவைத்துவிட்டு அழுதாள்.

சேதி பால் சொசைட்டிக்குப் போனது. மறுநாள் காலை கேன்களை இறக்கிவைத்துவிட்டு யாரும் நகரவில்லை. கலியமூர்த்திதான் முதலில் எழுந்தான்.

"அக்கா, ஊர்ப் புழு மொத்தமும் ஒரே வரப்புல நிக்கிது. இந்த மாதிரி வாய்ப்பு யாருக்கு வரும்? மேல் அலமாரியில இருக்கிறதை பூராம் இறக்கித் தர்றேன், சும்மா தர்றேன். ஒரே அடி. நொச்சிமேட்டுல இனிமே புழுங்கிற பேச்சே இருக்காது."

"அடிச்சிடு பவளம்" என்றார்கள் நாலா பக்கமும். இத்தனை நாள் அவற்றின் அடக்கத்தைப் புகழ்ந்தவர்கள்தான். சாமியப்பன் பஸ் சாவியைத் திருப்பித் திருப்பி உருட்டிக்கொண்டிருந்தான். கொளஞ்சி மட்டும் தூணில் சாய்ந்துகொண்டு, "அவ காடு, அவ இஷ்டம். எனக்கென்ன" என்றான், பொங்கலுக்கு இருபது நாள்தான் இருக்கிறது என்கிற தைரியத்தில்.

டாக்டரம்மா முன்னால் வந்தார். "நான் ஒண்ணு சொல்லிக்கிடுறேன். இங்க வந்து நிக்கிறதெல்லாம் சாகத் தெரிஞ்ச புழு. சாகத் தெரியாதது ஏழு, அது இன்னும் கொளஞ்சி காட்டுல உக்காந்திருக்கு. இதையெல்லாம் நீங்க கொன்னுட்டா, அந்த ஏழும் தங்களுக்குள்ளேயே கட்டிக்கிடும். அடுத்த வருசம் இந்த ஊர்ல பொறக்கிற புழு அத்தனையும் அந்த ஏழோட பிள்ளைங்க. அப்ப எந்தக் கடையில எதை வாங்கி அடிப்பீங்க?"

எழுந்து நின்ற கலியமூர்த்தி உட்கார்ந்துகொண்டான்.

பவளக்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இரவெல்லாம் குழப்பமாக இருந்தது அந்த நிமிசத்தில் அவளுக்குத் தெளிந்துவிட்டது.

"தப்பு என்னோடதுதான். டாக்டரம்மா சொன்னது அவங்கவங்க காட்டு ஓரத்துல. நான் ஊருக்கெல்லாம் சேத்து ஒரே எடத்துல ஊனிட்டேன். நூத்துப் பதினெட்டு வீட்டுப் பாரத்தை ஒரு அரை ஏக்கர் எப்படித் தாங்கும்? நாளைக்குக் காலையில பத்து மணிக்கு எல்லாரும் வாங்க. அவங்கவங்க புழுவை அவங்கவங்க கூட்டிக்கிட்டுப் போங்க. காட்டைச் சுத்தி ரெண்டு வரிசை, அதை மட்டும் அதுங்களுக்கு விட்டுடுங்க. அதுக்கு மேல தாண்டாது, நான் சொல்லி அனுப்புறேன்."

"வெடிச்ச பருத்தியில ரெண்டு வரிசையா? முடியாதுன்னா?" என்றார் பிச்சப்பிள்ளை.

"வந்த வழி அதுங்களுக்குத் தெரியும் மாமா. நானே முன்னால நடந்து கொண்டாந்து விட்டுடுவேன். அப்ப ரெண்டு வரிசையோட நிக்குமான்னு எனக்குத் தெரியாது."

பிச்சப்பிள்ளை கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் மினிபஸ் மறுபடியும் வளைவில் நின்றது. ஆம்பளைகள் தக்காளிப் பெட்டியும் பிளாஸ்டிக் தொட்டியும் கொண்டுவந்து வரப்போரம் வைத்தார்கள். புழுக்கள் அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. நொச்சிமேட்டில் மருந்தடிப்பது ஆம்பளை, பருத்தி எடுப்பது பொம்பளை. முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு வந்து அடித்துவிட்டுப் போனவர்களை அவற்றுக்கு அடையாளம் தெரியவில்லை, தெரிந்தாலும் பிடிக்கவில்லை. காயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த கைகளைத்தான் தெரியும். கடைசியில் தைலம்மைதான் இடுப்பில் புடவைத் துணியை இழுத்துச் செருகி, பருத்தி எடுக்கிற மடியைக் கட்டிக்கொண்டு வரப்பருகே உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுதான் தாமதம், அவள் வீட்டுப் புழுக்கள் மட்டும் கூட்டத்திலிருந்து பிரிந்து, ஒன்றன் பின் ஒன்றாக மடிக்குள் ஏறின.

"ஐயோ, இம்புட்டா! நம்ம வீட்டுலயா!"

"வெக்கமா இருக்குடி" என்று சொல்லிக்கொண்டே அடுத்தவளும் மடி கட்டினாள். கல்யாணமாகி வந்து நாலு மாசமான ஒரு மருமகளின் மடி நிறைந்து வழிய, "கைராசிக்காரி, ஒண்ணு விடாம தேடி வருது பாரு" என்று மாமியார்க்காரி பெருமைப்பட்டாள். எதற்குத்தான் பெருமைப்படுவது என்று ஒரு கணக்கு வேண்டாமா? மத்தியானத்துக்குள் நூற்றுப் பதினேழு மடி கிளம்பிப் போயிற்று. அந்த வருசம் முதல் தடவையாக நொச்சிமேட்டு ஆம்பளைகள் எந்த வரிசையை விடுவது என்று வீட்டுப் பொம்பளைகளிடம் கேட்டு, அதையே விட்டார்கள்.

கொளஞ்சி மட்டும் தன் வரப்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "என் புழு ஒண்ணும் அங்க இல்ல. நான் எதுக்கு வரிசை விடணும்?" பவளக்கொடி தன் வீட்டுப் புழுவைத் தன் மடியிலேயே வாங்கிக்கொண்டு, தன் ஒரு ஏக்கரைச் சுற்றி இரண்டு வரிசையை விட்டாள். அந்த இரண்டு வரிசையில் எத்தனை பருத்தி போகும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் விட்டாள்.

இனி அந்த ஏழின் கதை.

அவை வளர்ந்தன. விரல் தடிமனுக்கு, பீட்ரூட் நிறத்துக்கு வளர்ந்து, காய்க்குள் இருக்கவே மதிக்காமல் இலை மேல் வெயில் காய்ந்தன. கொளஞ்சி டாங்கைத் தூக்கிக்கொண்டு வந்தால் அவை வாயைத் திறந்தன. ஷாம்பு நுரை அவற்றுக்கு ரொம்பவும் பிடித்துப்போயிற்று. ஒரு காயில் நுழைந்தால் அடுத்த காய் வழியாக வெளியே வந்தன. வெடித்த காயெல்லாம் மஞ்சள் பூத்துக் கட்டிக்கட்டியாக, எவனும் கையால் தொடாத கொட்டுப் பருத்தியாகத் தொங்கியது. அடித்தான், இன்னும் அடித்தான், கையால் நசுக்கப் பார்த்தான், உள்ளங்கைதான் வீங்கியது. பதினைந்தே நாளில் இரண்டு ஏக்கர் போய்விட்டது. டாக்டரம்மாவைத் தேடிக்கொண்டு ஓடினான்.

"இனிமே இது மருந்துக்கு அடங்காது கொளஞ்சி. இந்த ஏழும் கூடு கட்டப் போகுது. பூச்சியா வெளிய வரும்போது பக்கத்துலேயே சாதாரணப் பூச்சி இருக்கணும். இல்லன்னா நான் சொன்னதுதான் நடக்கும்."

வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தான். கொடுக்க எல்லாருக்கும் மனசுதான், ஆனால் புழு நகர மாட்டேன் என்றது. "பவளக்கொடி சொல்லாம எங்க வரிசையை விட்டு வராதுப்பா. அவகிட்டப் போய்க் கேளு" என்றாள் தைலம்மை.

பொங்கலுக்கு மறுநாள் காலை பால் சொசைட்டி முன்னால் ஊரே நின்றது. சாமியப்பன் மினிபஸ் கூரையிலிருந்து மூட்டைகளை இறக்கினான். ஒன்று, இரண்டு என்று பிள்ளைகள் கூடவே கத்தினார்கள். ஒன்பது வரைக்கும் வயிறு புடைத்த மூட்டை. பத்தாவது மூட்டையை நிறுத்தியபோது அது மேலே தொளதொளவென்று மடிந்து விழுந்தது. முக்கால்தான் இருந்தது.

"தளர்த்தியாக் கட்டு, பத்துன்னு ஆயிடும்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். "எங்க வீட்டுலேருந்து ஒரு மடி கொண்டாரேன்" என்று தைலம்மை கிளம்பினாள். பவளக்கொடி கையைக் காட்டி நிறுத்தினாள்.

அப்போதுதான் கொளஞ்சி வந்தான். தோளில் ஒரு ஜோடிக் கரும்பு, ஒரு கையில் மஞ்சள்கொத்தும் புதுப்பானையும், பானைக்குள் பச்சரிசியும் வெல்லமும். நாலாவது வருசத்தில் வந்த பொங்கல் சீர். சுண்டுவிரலில் ஒரு தூக்குவாளியும் தொங்கியது. அதன் மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள் இருந்தன. ஊர் அந்த ஓட்டைகளைப் பார்த்துவிட்டது, பார்த்துவிட்டு வழிவிட்டது.

பவளக்கொடிக்குக் கரும்பைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. ஆனால் குரல் அசையவில்லை.

"சரியா வந்தே. எண்ணிப் பாத்துக்க. ஒம்பதே முக்கால். நான் சொன்னது பத்து. அப்ப காடு உன்னுது. ஆடியிலேருந்து நீ உழுதுக்க."

கொளஞ்சி பானையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டான்.

"புழு என்னுது" என்றாள். "அதை நான் கூட்டிக்கிட்டுப் போறேன்."

"எங்க கூட்டிக்கிட்டுப் போவேக்கா?"

"திருப்பூருக்கு. உன் மச்சான் வண்டியிலதான். ஊர்ல ஒண்ணு பாக்கி இருக்காது. உன் ஏழை மட்டும் நீ வச்சுக்க."

தோளில் இருந்த கரும்பு சரிந்தது. அவன் அதைப் பிடிக்கவில்லை. காய்ந்துபோன தன் இரண்டு ஏக்கரைப் பார்த்தான், முக்கால் மூட்டையைப் பார்த்தான், தூக்குவாளியைப் பார்த்தான்.

"காடும் உங்கிட்டயே இருக்கட்டுங்க்கா."

"இருக்கட்டுமா? யாரு காடுடா அது?"

"உன் காடு."

"பஸ்ஸுல இருக்கிறவங்களுக்குக் கேக்கல."

"உன் காடுக்கா! ஒன்றரை ஏக்கரும் உன் காடு, அப்பா உனக்குக் குடுத்தது! நாலு புழு குடு!"

சிரிப்புச் சத்தத்தில் சொசைட்டிக் கூரை மேல் இருந்த புறாவெல்லாம் கிளம்பிப் போயிற்று. பவளக்கொடி சிரிக்கவும் அழவும் ஒரே நேரத்தில் முடியாமல் திணறி, சீர்ப்பானையை வாங்கிக் கீழே வைத்தாள். அப்புறம் தன் காட்டோரத்து வரிசைக்குப் போய் மடியை விரித்து, "என் தம்பி வீட்டுக்குப் போகணும், யாரு வர்றீங்க?" என்று கேட்டாள். வந்ததை வாளியில் இறக்கினாள்.

"ஏழுக்கு நாலு எப்படிடா போதும்? எழுபதா வச்சுக்க. சீர் கொண்டாந்த தம்பியை வெறுங்கையோட அனுப்புனான்னு நாளைக்குப் பேச்சு வரக் கூடாது."

அந்தத் தை மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் கொளஞ்சியின் காட்டில் சாம்பல் நிறப் பூச்சிகள் கிளம்பிப் பறந்ததை ஊரே போய்ப் பார்த்தது. மோதிரம் யார் போடுவது என்று கேட்டவன் எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்தான். அடுத்த ஆடியில் கலியமூர்த்தி கடைக்குப் பின்னால் ஒரு சின்ன பாக்கெட்கூடக் கிடக்கவில்லை. தன் பையில் சின்ன பாக்கெட் இல்லை என்று கொளஞ்சி கடை வாசலில் நின்று போட்ட சண்டை சந்தை வரைக்கும் கேட்டது.

நொச்சிமேட்டிலிருந்து வருகிற பருத்தியில் கடைசி மூட்டையைக் கால் பாகம் காலியாக விட்டுத்தான் இன்றைக்கும் கட்டுகிறார்கள். எடை போடுகிற வெளியூர்க்காரர்கள், இதையும் நிறைத்துக் கொண்டுவந்தால் என்ன என்று கேட்பது உண்டு. எல்லாருக்கும் முந்திக்கொண்டு கொளஞ்சிதான் பதில் சொல்வான்: "அது புழுப்பங்குங்க. அதுல கைவச்சிட்டு எங்க அக்காகிட்ட யாரு போயி நிக்கிறது?"